ஆட்சேபணை இல்லாத சிரிப்பு

சிப்பித்துறைக் கன்டெய்னர் பெட்டக நிலையத்தின் போன வருட ஆண்டுவிழாவில் நடந்ததை நிர்வாகம் இன்றுவரை 'சிறு மொழிபெயர்ப்புக் கோளாறு' என்றுதான் சொல்லிவருகிறது. வெளியூரிலிருந்து கூட்டிவந்த ஒரு காமெடி நடிகர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கானா நாட்டுக் கப்பல் கேப்டனைக் கைகாட்டி, "கரண்டு போச்சுன்னா சார் தயவுசெஞ்சு சிரிங்க, அப்பத்தான் நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியும்" என்றார். கூட்டம் சிரித்தது. என்ன சொல்கிறார் என்று கேப்டன் பக்கத்திலிருந்த பொது மேலாளரிடம் கேட்டார். உங்களைப் புகழ்கிறார் என்றார் பொது மேலாளர். கேப்டன் எழுந்து நின்று கும்பிட்டார். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது.

அதை யாரோ வீடியோ எடுத்தார்கள். வேறு யாரோ அதன் அடியில் ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதினார்கள். அது சுற்றிச் சுற்றிக் கேப்டனின் மகளுக்கே போய்ச் சேர்ந்தது. அப்போதும் நிர்வாகம் அசையவில்லை. கப்பல் கம்பெனி தன் பெட்டகங்களை வேறு யார்டுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்ன பிறகுதான், இன அவமதிப்பு எவ்வளவு பெரிய பாவம் என்று அதற்குப் புரிந்தது.

உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. 'பண்பாட்டு நல்லிணக்க நகைச்சுவை முன்தணிக்கைக் குழு' என்று அதற்குப் பெயர். பேனர் அடித்துக் கூட்ட அறையில் கட்டியபோது சுவர் போதவில்லை. 'முன்தணிக்கைக் குழு' என்கிற பகுதி மூலை திரும்பிக் கழிவறைக் கதவின் மேல் போய் விழுந்தது.

இந்த வருடம் வெளியாள் வேண்டாம், உள்ளூர்க் கலைஞனே போதும் என்று குழு முடிவு செய்தது. அந்தக் கலைஞன் பாலகணேஷ். யார்டின் வாசலில் வந்து போகும் லாரிகளின் காகிதங்களைச் சரிபார்த்து உள்ளே விடுவது அவன் வேலை. கோயில் கொடை, சடங்கு வீடு, கிறிஸ்துமஸ் விழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய் மிமிக்ரி செய்வான். ஒருவர் குரலை ஒருமுறை கேட்டால் போதும், மறுநாள் அது அவன் தொண்டையில் குடியிருக்கும். பல வருடமாக ஒப்பந்த ஊழியன். "நிகழ்ச்சி நல்லபடியா முடிஞ்சா, அதே மேடையில உமக்கு பெர்மனெண்ட் ஆர்டர்" என்று மனிதவள அதிகாரி செல்வராணி சொல்லியிருந்தார்.

வீட்டில் அவன் மனைவி சண்முகப்ரியா அந்தச் செய்தியைக் கேட்டதும் கண்ணை மூடிச் செந்தூர் இருந்த திசையில் கும்பிட்டாள். "வாயத் தொறந்து வம்ப வாங்காம, சிரிக்க வச்சிட்டு மட்டும் வாங்க" என்றாள்.

முதல் அமர்வில் குழுத் தலைவரான பொது மேலாளர் இன்பமணி தொடக்கவுரை ஆற்றினார். மிஷன் பள்ளிகளுக்குப் பேர்போன நாசரேத்துக்காரர். மேடையில்லாத இடத்திலும் மேடைத் தமிழ்தான் பேசுவார்.

"நண்பர்களே, எனக்குச் சாதி கிடையாது, மதம் கிடையாது, நிறம் கிடையாது. எங்கள் ஊருக்கு அந்தக் காலத்திலேயே பள்ளிக்கூடம் வந்துவிட்டது. ஆகையால் இந்த வித்தியாசங்கள் எல்லாம் மற்ற ஊர்க்காரர்களிடம்தான் உண்டு. கடற்கரை மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமாகப் பேசுவார்கள். நான் அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. காற்றிலே கத்திப் பழகிவிட்டார்கள், பாவம். வியாபாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கை இறுக்கம். அதையும் நான் சொன்னதில்லை. அந்தக் கானா கேப்டனுடன் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். கடற்கரைப் பிரதிநிதியான தொழிற்சங்கத் தலைவர் பாஸ்கலும் தட்டினார். புன்னைக்காயல்காரர். வியாபாரிகளின் பிரதிநிதியான காசிலிங்கம் அண்ணாச்சியும் தட்டினார். யார்டுக்கு ஆள் அமர்த்தித் தரும் ஒப்பந்தக்காரர் அவர்தான். தங்களைப் பற்றிச் சொன்னது எது என்று இருவருக்கும் பிடிபட்டதாகத் தெரியவில்லை. அடுத்தவரைப் பற்றிச் சொன்னதைத்தான் ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வராணி விதிகளை வாசித்தார். கலைஞர் தன் நகைச்சுவைகளைக் குரல் மாற்றாமல், முகத்தில் எதையும் காட்டாமல், நின்றபடி வாசிக்க வேண்டும். புண்பட்ட உறுப்பினர் சிவப்பு அட்டையைத் தூக்கலாம். யாராவது சிரித்துவிட்டால், அது அடுத்தவர் புண்பட்டதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படும்.

பாலகணேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"நாசரேத்துல வீட்டு நாய்கூட எக்ஸ்கியூஸ் மீ சொல்லிட்டுத்தான் குரைக்கும்."

காசிலிங்கம் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பாஸ்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்பமணியின் சிவப்பு அட்டை மேலே போனது. "ஒரு கல்விப் பாரம்பரியத்தை நாயோடு ஒப்பிடுவதா?" நீக்கப்பட்டது.

"நம்ம ஊரு முந்திரி மக்ரூன்ல முக்காவாசி காத்துதான். அந்தக் காத்தையும் அண்ணாச்சி நிறுத்துத்தான் கொடுப்பாவ."

இன்பமணி பல் தெரியச் சிரித்தார். காசிலிங்கம் அட்டையைத் தூக்கினார். "ஏலே, காத்த நிறுக்கோமா? ஒரு சமுதாயத்தோட தராசு மேலயே கைய வைக்கியா?" நீக்கப்பட்டது.

"புன்னைக்காயல்ல ரெண்டு பேரு ரகசியம் பேசினா மணப்பாட்டுல பதில் சொல்லுவாங்க."

பாஸ்கல் எழுந்து, கடற்கரை மக்கள் சத்தமாகப் பேசுவார்கள் என்பது கட்டுக்கதை என்று ஆட்சேபித்தார். விபத்து ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து வாசலில் நின்ற டிரைலர் டிரைவர்கள் ஓடிவந்தார்கள். அதுவும் நீக்கப்பட்டது.

இரண்டாம் அமர்வுக்கு மனிதர்களே இல்லாத நகைச்சுவைகளாகக் கொண்டுபோனான். காக்கை வந்தது, காக்கை கருப்பு என்று நீக்கினார்கள். கொக்கைக் கொண்டுபோனான், வெள்ளையை மட்டும் மேடையேற்றுவது அதைவிட மோசம் என்றார் செல்வராணி. அடுத்து நண்டு, ஒன்றையொன்று காலைப் பிடித்து இழுப்பது பற்றியது. அது அலுவலகத்தைக் குறிப்பதாக மூன்று உறுப்பினர்களும் ஏகமனதாகக் கருதினார்கள்.

கடைசியில் தன்னையே கேலி செய்துகொள்வோம் என்று வந்தான். தன்னைச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

"நானும் என் நிழலும் சேந்து நின்னா, லாரி டிரைவர் பேப்பர நிழல்கிட்டதான் நீட்டுவாரு."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இந்தக் கருப்பு இருக்கே," என்றார் இன்பமணி, "அது உமக்கு மட்டும் சொந்தமானதா? உம் குடும்பம் முழுவதற்கும் பொதுச்சொத்து. பங்காளிகள் சம்மதம் இல்லாமல் நீர் எப்படி அதை மேடையில் செலவழிக்கலாம்?"

"ஒம்ம சொக்காரங்க யாராவது ஒருத்தர்ட்ட சம்மதம் வாங்கிட்டு வாரும். நானும் கருப்புதான், எனக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றார் காசிலிங்கம்.

பாலகணேஷ் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினான். அங்கே லாட்ஜ் நடத்தும் அவன் பெரியப்பா பாண்டித்துரை வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேஜை தேக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சற்று நேரம் பிடிக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"யாருலே கருப்பு?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் பெரியப்பா…"

"நான் மாநிறம்லா. ஒங்க அப்பன் புதுநிறம். வெயில்ல அலைஞ்சதால கொஞ்சம் மங்கிட்டு. நம்ம வம்சத்துலயே கருப்பு கிடையாதுலே. கருப்புன்னா ஒங்க அம்ம வழியில கேட்டுப் பாரு."

அம்மா வழியில் சாத்தான்குளத்து மாமாவுக்குப் போன் போட்டான். அவரும் மாநிறம்தான். அவர் மனைவி இன்னும் ஒரு படி மேல் என்று தகவல் வந்தது. குடும்பத்தில் கருப்பானவர் ஒருவர்கூட இல்லை என்று தெரியவந்ததால் அந்த நகைச்சுவையும் நீக்கப்பட்டது.

மூன்றாம் அமர்வில் அவன் கையில் மிஞ்சியிருந்தது வரவேற்புரையும் நன்றியுரையும்தான்.

"இதுல சிரிப்பு எங்கனவே இருக்கு?" என்றார் பாஸ்கல். "கப்பல் கம்பெனிக்காரங்க வாராங்க. சிரிக்காம உக்காந்திருந்தா எழவு வீடுன்னு நெனச்சிர மாட்டாங்களா?"

காசிலிங்கம் திடீரென்று தொடையைத் தட்டினார். "ஏலே, வடக்கன் இருக்கான்லா!"

இருந்தார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அவர் கொண்டுவந்து இறக்கிய ஆட்கள்தான் அந்த யார்டில் பெட்டகங்களுக்குள் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காசிலிங்கம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். வாயில் இல்லாத பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "பையா… நம்பள் தமிள் நை மாலும்… நம்பள் பதினாறு பேர் ஒரே ரூம் படுக்குது… நம்பள் குளிக்குது நை…" என்று அறையைச் சுற்றி வந்து, மூலையில் துப்புவதுபோலச் செய்தார்.

இன்பமணி நாற்காலியில் சரிந்தார். பாஸ்கல் காசிலிங்கத்தின் முதுகில் ஓங்கி அறைந்து, "அண்ணாச்சி, நீரு சினிமாவுக்குப் போயிருக்கணும்" என்றார். செல்வராணிகூட வாயைப் பொத்திக்கொண்டார். குழு அமைக்கப்பட்ட நாளிலிருந்து அந்த அறையில் நல்லிணக்கம் ஏற்பட்டது அப்போதுதான்.

"புண்பட்டவர்கள் உண்டா?" என்று முறைப்படி கேட்டார் செல்வராணி. ஒரு அட்டையும் எழவில்லை. "ஆட்சேபணை இல்லை."

பாலகணேஷ் மட்டும் கையைத் தூக்கினான். "சார், அவங்களும் நம்ம யார்டுலதான வேல பாக்காங்க?"

"அவர்கள் நம் ஊழியர்கள் அல்லர், தம்பி. அண்ணாச்சியின் ஆட்கள்" என்றார் இன்பமணி.

"அவனுவளுக்குத் தமிழே தெரியாதுலே," என்றார் பாஸ்கல். "புரியாதவன் எப்படிப் புண்படுவான்?"

"போன வருசம் அந்தக் கேப்டனுக்கும் தமிழ் தெரியாது, சார்."

இன்பமணி கண்ணாடியைக் கழற்றி, அறியாப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கேப்டனிடம் கப்பல் இருந்தது, தம்பி."

முத்தையாபுரத்தில் பாலகணேஷ் குடியிருந்த வரிசை வீட்டு வளவில் அடுத்த கதவு பிரசந்த் நாயக்குடையது. ஒடிசாக்காரன். காசிலிங்கத்தின் ஆள். இங்கே வந்த புதிதில் தமிழ் தெரியாமல்தான் வந்தான். இப்போது தண்ணீர் லாரிக்காரனிடம் அவன் சண்டை போட்டால் தெருவே வேடிக்கை பார்க்கும். சண்முகப்ரியாவை அண்ணி முறையில் மயினி என்பான். ஒருமுறை, வடக்கத்தி ஆட்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று எவனோ கிளப்பிவிட்ட வாட்ஸ்அப் செய்தியை நம்பி, பஸ் ஸ்டாப்பில் நின்ற அவனை நாலு பேர் போட்டு அடித்தார்கள். இடது காதில் இன்றைக்கும் சரியாகக் கேட்பதில்லை. அடித்தவர்களில் ஒருவன் கடைசியில் "வெளையாட்டுக்குத்தான் தட்டினோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவனிடம் பாலகணேஷ் விஷயத்தைச் சொன்னான். காசிலிங்கம் செய்ததைச் செய்துகாட்டவில்லை, சும்மா சொன்னான். பாதியிலேயே பிரசந்த் சிரித்தான். சத்தமான சிரிப்பு. பாலகணேஷுக்கு மனசு லேசானது.

"அப்போ ஒனக்கு வருத்தம் இல்லயா?"

"சிரிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி," என்றான் பிரசந்த், ஈரச் சட்டையை உதறிக்கொண்டே. "அன்னைக்கு இவ்வளவு சத்தம் போதுமா? எல்லாரும் சிரிக்கும்போது நாங்க சிரிக்கலன்னா, ஏன்டா மொறைக்கேன்னு கேப்பாங்க. எங்க ஆளுங்ககிட்டயும் சொல்லி வைக்கேன். நீங்க பயப்படாம சொல்லுங்க. மயினிக்காகவாவது ஒங்களுக்கு பெர்மனெண்ட் ஆகணும்லா."

பாலகணேஷ் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

விழா அன்று மாலை யார்டின் பெரிய கொட்டகை மின்விளக்குகளில் ஜொலித்தது. முன்வரிசையில் கப்பல் கம்பெனியிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள். இந்த முறை கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிவந்திருந்தார்கள். குழு உறுப்பினர்கள் பட்டுச்சால்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊழியர் குடும்பங்களுக்கு நடுவே சண்முகப்ரியா. கடைசியில், தகரச் சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சுகளில் வடக்கத்தித் தொழிலாளர்கள். குளித்து, எண்ணெய் தேய்த்துத் தலை வாரி வந்திருந்தார்கள்.

வரவேற்புரையைச் சொல்லி முடித்தான் பாலகணேஷ். ஆட்சேபணை இல்லாத பகுதி வந்தது. வாயைத் திறந்தான். பின்பெஞ்சில் பிரசந்த் எழுந்து, தன் ஆட்களிடம் கையால் ஏதோ சைகை செய்தான். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரிப்பதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

அதைப் பார்த்த பிறகு அவனுக்கு நாக்கு எழவில்லை. வேறு எதுவும் திட்டமிட்டு வந்திருக்கவும் இல்லை. கூட்டம் காத்திருந்தது. அப்போது அவன் தொண்டைக்குள்ளிருந்து, அவனைக் கேளாமலேயே, இன்பமணியின் குரல் வெளியே வந்தது.

"நண்பர்களே, எனக்குச் சாதி கிடையாது, மதம் கிடையாது, நிறம் கிடையாது…"

கொட்டகை சிரிப்பில் வெடித்தது. கேப்டனோடு ஒரே மேஜையில் சாப்பிட்டதும், ஒன்றும் ஆகாமல் பிழைத்ததும் வரிக்கு வரி வந்தன. காசிலிங்கமும் பாஸ்கலும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் மூச்சு வாங்க மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அடுத்து, தாங்கள் சத்தமாகப் பேசுவதில்லை என்று அவன் தொண்டையிலிருந்து பாஸ்கல் முழங்கினார். இப்போது கீழே இருந்த பாஸ்கல் சிரிப்பதை நிறுத்தினார். இன்பமணி சிரிக்க ஆரம்பித்தார். காசிலிங்கம் மட்டும் இரண்டுக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஏலே, வடக்கன் இருக்கான்லா!" என்று அவர் குரலே அவர் தொடையைத் தட்டிக்கொண்டு மேடையில் எழும் வரை.

பாலகணேஷ் வேட்டியை மடித்துக் கட்டுவதுபோலச் செய்தான். அவனுக்குள்ளிருந்த காசிலிங்கம் பாக்கை ஒதுக்கினார், "நம்பள் தமிள் நை மாலும்" என்றார், மேடையைச் சுற்றி வந்து மூலையில் துப்பினார். அன்று மாலையின் பெரிய சிரிப்பு அதற்குத்தான் எழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. "ஆட்சேபணை இல்லை" என்று செல்வராணி குரலில் முடித்துக் கும்பிட்டுவிட்டு அவன் இறங்கினான்.

பெர்மனெண்ட் ஆர்டர் மேடைக்கு வரவில்லை. அவன் சொல்லாமல் விட்ட நன்றியுரையைச் சொல்ல இன்பமணி எழுந்தார். "நண்பர்களே" என்றதும் கூட்டம் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டதால் உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் ஸ்பிக் நகர் தாண்டியதும் சண்முகப்ரியா, "மேனேஜர் சார் கொரலு அப்படியே இருந்துச்சு" என்று சொல்லி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். மூடிய முந்தானையை எடுக்காமலே, "வேல போச்சுலா?" என்றாள்.

மறுவாரம் விசாரணை. 'அதிகாரிகள் சமூகத்தின் மனத்தைப் புண்படுத்தியது' என்பது குற்றச்சாட்டு.

"அதிகாரிங்க ஒரு சமூகமா சார்?" என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டான் பாலகணேஷ்.

"ஏன் இல்லை?" என்றார் இன்பமணி. "எங்களுக்கென்று தனி மொழி இருக்கிறது. தனி உடை இருக்கிறது. தனிச் சாப்பாட்டு அறை இருக்கிறது. மற்றவர்களோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஒரு பண்பாட்டுக்கு வேறென்ன வேண்டும்? அதுவும் நாங்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை."

கப்பல் கம்பெனிக்காரர்கள் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்: அந்தப் பின்பெஞ்சுக்காரர்கள் சார்பில் குழுவில் யார் இருக்கிறார்கள்? குழு அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. அன்றைக்கே வடமாநிலத் தொழிலாளர்களுக்கென ஓர் இடம் உருவாக்கப்பட்டு, அதற்குக் காசிலிங்கம் அண்ணாச்சி ஏகமனதாக நியமிக்கப்பட்டார். அவர்களைக் கூட்டிவந்தவரே அவர்தானே.

புதிய பிரதிநிதி எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "எங்க ஆளுங்க சார்பா நன்றி. ரயில் ஏறி வந்த சனம் சார் நாங்க. எங்களப் பத்தி நான் செஞ்ச காமெடியில எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. புண்பட்டா லீவு கேப்பானுவ. இதுவர ஒருத்தனும் கேக்கல."

பாலகணேஷை வாசலிலிருந்து எடுத்து, சரக்கு அடுக்கும் கொட்டகைக்கு, காசிலிங்கத்தின் ஒப்பந்தத்துக்குக் கீழே மாற்றினார்கள். அதன்படி, குழுவில் இனி அவனுக்கும் காசிலிங்கம்தான் பிரதிநிதி.

அங்கே முதல் நாள், பத்து மணி டீக்கு, பிரசந்த் பெட்டகத்தின் நிழலில் அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான். உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தது உப்பு மூட்டை. பாலகணேஷின் கழுத்தெல்லாம் எரிந்தது.

ரொம்ப நேரம் உள்ளே கிடந்ததை அவன் கேட்டுவிட்டான். "அன்னைக்குக் காசிலிங்கம் அண்ணாச்சி மாதிரி செஞ்சேன்லா, கடைசியில. அதுக்குத்தான் ஜனம் ரொம்பச் சிரிச்சுது. அவரப் பாத்துத்தான சிரிச்சாங்க?"

பிரசந்த் டீயை ஊதினான். கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டுதான் பேசுவான். "பாதிப் பேரு மேடையப் பாத்துச் சிரிச்சாங்க அண்ணாச்சி. பாதிப் பேரு எங்க பெஞ்சத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க."

அந்தக் கூரை அதிர்ந்த சத்தம், விழா நாளிலிருந்து பாலகணேஷுக்குள் ஒரு பரிசுபோல இருந்தது. இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேடையிலிருந்து பார்த்தபோது திரும்பிய தலைகளை அவனும்தான் பார்த்திருந்தான். பார்த்துக்கொண்டேதான் இன்னொரு தடவை துப்பிக் காட்டினான்.

"விடுங்க அண்ணாச்சி. மொகத்த இப்படி வச்சா டீ கசக்கும்," என்றான் பிரசந்த். "நான் ஒண்ணு சொல்லட்டா? ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன். இந்த ஊருக்காரன் ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல. அடிப்பாங்க."

"சொல்லுலே."

"நானு ஒடிசா. மேப்புல அது கிழக்கு. ஆனா இங்க வந்து எறங்குனதும் வடக்கன்னு பேரு. சரி. பொழைக்க வந்த வடக்கன ஊர விட்டுப் போங்கறீங்க. ஆனா ஒங்க ஊரு ஜவுளிக்கட போர்டு எல்லாத்துலயும் பட்டுச்சேல கட்டி வெள்ளையா ஒரு பொண்ணு நிக்கே, அதுவும் வடக்கத்திப் பொண்ணுதான். எத்தன வருசமா நிக்கி, ஒருத்தனாவது அத 'போ'ன்னு சொல்லியிருப்பானா?"

பாலகணேஷுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. பெட்டகத்தின் தகட்டில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து ஓய்ந்தபோதுதான், கல்யாணப் போட்டோவில் தன் முகத்தையும் சண்முகப்ரியா முகத்தையும் நாலு சுற்று வெளுப்பாக்கித் தரும்படி ஸ்டூடியோக்காரரிடம் தானே போய் நின்று கேட்டது அவன் நினைவுக்கு வந்தது. நெஞ்சில் எங்கோ சுருக்கென்றது.

"வலிக்கா?" என்றான் பிரசந்த், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"லேசா."

"நிப்பாட்டவா?"

பாலகணேஷ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவனுடைய வலது காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான்.

"இன்னொண்ணு சொல்லு" என்றான்.